மலையோரச் சின்ன ஓடுதளத்தில் விமானம் சறுக்கியது விமானியின் தவறா? பாரியோவுக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு மூன்று கேள்வி. மலை நடுவே ஒரு குட்டி ஓடுதளத்தில் இறங்கிய விமானம் ஓரத்துப் புல்லில் பாய்ந்து மூக்குக் குத்தி நிற்கும் வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அது விமானியின் தவறா, விமானம் பழசா, ஓடுதளம் மோசமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஆசிரியையாக இருக்கும் மகளுக்குச் சரவாக் மலைப்பகுதியில் இருக்கும் பாரியோ பள்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது, சரவாக்கின் மீரி நகரத்திலிருந்து அதே மாதிரி விமானத்தில்தான் போக வேண்டும், செந்தூல் வீட்டில் அவள் அம்மா ‘வேலையே வேண்டாம்’ என்று உட்கார்ந்திருக்கிறார். அந்த விமானத்துக்கு என்ன ஆயிற்று என்பதைவிட, நம் பிள்ளை ஏறும் விமானத்துக்கும் அப்படி ஆகுமா என்பதுதான் உங்கள் கவலை. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலாவது விளங்கினால்தான் இரண்டாவது விளங்கும் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் விமானி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுபாங்கில் லைசன்ஸ் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருடங்கள் மீரியில் சின்னப் புரொப்பெல்லர் விமானங்களோடு கிடந்தேன். இறங்கும்போது விமானிக்கு முன்னால் என்ன தெரிகிறது என்பது எனக்கு அவர்கள் சொல்லிக் கேட்டதுதான். இறங்கிய பிறகு டயரும் பிரேக்கும் புரொப்பெல்லரும் என்ன சொல்கின்றன என்பது என் தொழில். அந்த எல்லைக்குள் நின்று பேசுகிறேன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறது, இரண்டு இன்ஜின், மடங்காத கால்கள். டுவின் ஓட்டர் என்ற சின்னப் புரொப்பெல்லர் விமானம்தான், சந்தேகமில்லை. மடங்காத கால் என்பதால் ‘சக்கரத்தை இறக்க மறந்துவிட்டார்’ என்று உங்கள் மைத்துனர் போட்ட கருத்தை இப்போதே தள்ளிவிடலாம். இந்த விமானத்தில் மறப்பதற்கு ஒன்றுமில்லை, சக்கரம் எப்போதும் வெளியில்தான். அடுத்து, விமானம் வலது பக்கம் சாய்ந்து வலது புரொப்பெல்லர் தரையைத் தொட்டிருக்கிறது. அதன் மூன்று அலகுகளும் நுனியில் வளைந்திருக்கின்றன. இன்ஜின் நின்றுபோய் அலகு சுழலாமல் இருந்திருந்தால், கீழே இருந்த ஒன்றோ இரண்டோதான் மடங்கியிருக்கும். மூன்றும் வளைந்திருப்பதால், தரையைத் தொட்ட நேரத்தில் அந்தப் பக்க இன்ஜின் சுழன்றுகொண்டிருந்தது. எவ்வளவு சக்தியில் சுழன்றது என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்கு அலகைக் கையில் எடுத்துக் கீறல் போன திசையைப் பார்க்க வேண்டும். இறக்கையின் பின்னால் ஃபிளாப் என்ற மடிப்புத் தகடு முழுக்க இறங்கியிருக்கிறது, அதாவது இறங்கத் தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். புல்லில் சக்கரத்தடம் ஒரே வளைவாக வலது பக்கம் போகிறது.

முன்சக்கரம் ஒடிந்து கிடப்பதைத்தான் எல்லோரும் சுட்டிக் காட்டுகிறார்கள். ‘சக்கரம் உடைந்ததால் விமானம் போய்விட்டது’ என்று. எனக்கு அது பெரும்பாலும் தலைகீழாகத் தோன்றுகிறது. தார் ஓடுதளத்தை விட்டு இறங்கிய விமானத்தின் முன்சக்கரம் ஈர மண்ணில் புதையும், அல்லது ஓரத்து வடிகாலில் இடிக்கும், அப்போது ஒடியும். வீடியோவில் விமானம் புல்லில் ஓடும்போது மூக்கு இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது. ஆகவே அது ஓரத்துக்குப் போனதன் விளைவு. ஏன் ஓரத்துக்குப் போனது என்பதற்கு வீடியோவில் விடை இல்லை. காரணம், வீடியோ தொடங்குவதே கடைசிப் பத்து விநாடியில். சக்கரம் முதலில் எங்கே தொட்டது, எந்த வேகத்தில் தொட்டது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எதுவுமே அதில் இல்லை.

அந்த வளைவுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்றால், மூன்றைச் சொல்வேன். ஒன்று பக்கக் காற்று. இரண்டாவது, ரிவர்ஸ். டுவின் ஓட்டர் இறங்கியதும் புரொப்பெல்லர் அலகுகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றை முன்பக்கம் தள்ளி நிற்கும். ஒரு பக்கம் முதலிலும் இன்னொரு பக்கம் பிந்தியும் திரும்பினால் விமானம் வெடுக்கென்று ஒரு பக்கம் இழுக்கும். மூன்றாவது, வெளியாட்கள் யாரும் யோசிக்காத ஒன்று. முன்சக்கரத்தைத் திருப்புவதற்குக் கேப்டன் பக்கம் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. தரையில் ஊர்ந்து போகும்போது மட்டும் பயன்படுவது. இறங்கும் முன் அது நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பது செக்லிஸ்டில் ஒரு வரி. அந்த ஒரு வரி தவறினால், மூக்கு தரையைத் தொட்ட கணத்தில் சக்கரம் திரும்பியிருக்கும் பக்கம் விமானம் ஓடும். இவற்றில் எது என்று நான் சொன்னால் அது ஊகம். பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அப்படிப் பிடித்தால் தார்மேல் கறுப்புக் கோடு இருக்கும், அந்தப் பகுதி படத்தில் தெரியவில்லை.

ஊகத்தில் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், நம் ஊரிலேயே பார்த்ததுதான். 2023 ஆகஸ்ட் 17-இல் லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சிறிய ஜெட் ஒன்று, இறங்குவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது எல்மினா சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும் சாலையில் போன 2 பேரும் இறந்தார்கள். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் இன்ஜின் நின்றது, தீப்பிடித்தது, இன்னும் வாய்க்கு வந்தபடி என்னென்னவோ. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வந்த இறுதி அறிக்கை சொன்னது வேறு. தரையில் இறங்கிய பிறகு மட்டும் இறக்கையின் மேல் எழும்ப வேண்டிய தகடுகள், இறங்கும் முன் செய்யும் செக்லிஸ்ட் நேரத்தில் தவறுதலாக வானத்திலேயே விரிக்கப்பட்டிருக்கின்றன. தூக்கும் சக்தி போய்விட்டது. அந்த விமானத்தில் பயணத் தரவுகளைப் பதியும் கருவி இல்லை, விமானி அறையின் ஒலிப்பதிவு மட்டும் இருந்தது. 5,700 கிலோவுக்குக் குறைவான விமானங்களுக்கு அந்தக் கருவி பல இடங்களில் கட்டாயமில்லை. டுவின் ஓட்டரின் உச்ச எடை 5,670 கிலோ, கோட்டுக்கு ஒரு முழம் கீழே. சின்ன விமான விபத்துகளில் விடை மெதுவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் இந்த விசாரணையைச் செய்வது போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கும் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. அனைத்துலக விதிப்படி 30 நாளில் முதற்கட்ட அறிக்கை வர வேண்டும். விசாரணையின் நோக்கமே அடுத்த விபத்தைத் தடுப்பது, யார்மேலும் பழி போடுவதல்ல என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது.

சரி, அந்த ஒரு விபத்தை விடுவோம். இப்படிப்பட்ட இடங்களில் இறங்குவது ஏன் கடினம் என்பது ஊகமில்லை, கணக்கு. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏவின் ஓடுதளம் சுமார் 4,000 மீட்டர். பினாங்கு சுமார் 3,350 மீட்டர். உட்பகுதி ஓடுதளங்கள் பல 600, 700 மீட்டர்தான். வழக்கமாக ஒரு விமானம் ஓடுதளத்தின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்கும். 3 பாகைச் சரிவில் வருகிற விமானம் இன்னுமொரு 50 அடி கூடுதல் உயரத்தில் வந்துவிட்டால், தரை தொடும் இடம் ஏறக்குறைய 290 மீட்டர் தள்ளிப் போகும். கேஎல்ஐஏவில் இதைப் பயணி உணரக்கூட மாட்டார். 600 மீட்டர் ஓடுதளத்தில் பாதி போய்விட்டது. டுவின் ஓட்டர் இன்னும் செங்குத்தாக இறங்கக்கூடியது, அதனால் நிஜத்தில் இழப்பு கொஞ்சம் குறையும். ஆனாலும் ஐந்து மாடி உயரம் கூடினாலே நூறு மீட்டருக்குமேல் காணாமல் போகும் என்பது மாறாது. வேகமும் இப்படித்தான். இறங்கும் வேகம் 10 விழுக்காடு கூடினால் நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடும். பின்னாலிருந்து அடிக்கும் மெல்லிய காற்றும் அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது உயரம். பாரியோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே, கெலாபிட் மேட்டுநிலத்தில் இருக்கிறது. கணக்குப் புத்தகப்படி அந்த உயரத்தில் வெப்பம் 8, 9 டிகிரி இருக்க வேண்டும். நம் நிலநடுக்கோட்டுப் பக்கம் பகலில் அங்கே 24 டிகிரி இருந்தால், காற்று இன்னும் மெலிந்து, விமானத்துக்கு அது 1,500 மீட்டருக்கும் மேலே இருப்பது போன்ற காற்று. வேகமானியில் அதே வேகம் காட்டினாலும் தரையைப் பொறுத்த நிஜ வேகம் 8 விழுக்காடு அதிகம், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 17 விழுக்காடு அதிகம். இன்ஜினும் மெலிந்த காற்றில் முழுச் சக்தி தராது. அதாவது, நிற்பதும் கடினம், வேண்டாம் என்று மறுபடி மேலேறுவதும் கடினம். மீரி கவுண்டரில் பெட்டியோடு சேர்த்து ஆளையும் தராசில் ஏற்றி நிறுத்துவது இதற்காகத்தான். உங்கள் மகளும் பையை மாட்டிக்கொண்டு ஏறி நிற்க வேண்டியிருக்கும். எடையைக் கேட்டால் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு அரிசி மூட்டையைக் கீழே விட்டுப் போகிறார்கள் என்றால் யாரோ கணக்கை ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று அர்த்தம்.

மழையைப் பற்றி ஒரு பராமரிப்பாளனாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தேங்கிய தண்ணீர்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்ட் என்பதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) கிடைக்கும். பெரிய ஜெட்டின் டயரில் 200 பவுண்ட் இருந்தால் ஏறக்குறைய 127 நாட். கரடுமுரடான ஓடுதளத்துக்கென்று மெத்தென்ற டயர் போட்ட சின்ன விமானத்தில் 36 பவுண்ட் இருந்தால் 54 நாட்தான். டுவின் ஓட்டர் இறங்கும் வேகம் 70 நாட் சுமார். ஆக, மண்ணுக்கு நல்லதாக இருக்கும் அதே டயர், தண்ணீர் தேங்கிய தார்மேல் பிரேக்குக்குப் பயன்படாமல் போகும். மழையில் நெடுஞ்சாலையில் கார் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடுமே, அதேதான். அப்போது கைகொடுப்பது ரிவர்ஸ் ஒன்றுதான். இப்படிப்பட்ட இடங்களுக்கு டுவின் ஓட்டரை விரும்புவதற்கு அந்த ரிவர்ஸ் முக்கியமான காரணம்.

நிலத்தின் அமைப்பு அடுத்த சங்கதி, எனக்கு இதுதான் மிகவும் பயம் தருவது. ஒரு காலத்தில் சுபாங்கிலிருந்து தியோமான் தீவுக்குப் பறந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1,000 மீட்டரை எட்டாத ஓடுதளம், ஒரு முனையில் கடல், மறு முனையில் மலை. கடல் பக்கமிருந்து இறங்கி, அதே பக்கமாகப் புறப்பட வேண்டும். நேபாளத்தின் லுக்லா இதன் உச்சம். ஓடுதளம் 527 மீட்டர், 11.7 விழுக்காடு சரிவு. ஒரு முனை இன்னொரு முனையைவிட 60 மீட்டர் உயரம், முடிவில் மலைச்சுவர். இப்படிப்பட்ட இடங்களில், இறங்க வரும் பாதையில் ஒரு புள்ளி உண்டு. அதைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும், மேலேறித் திரும்ப இடமில்லை. ஆகவே முடிவு எடுக்க வேண்டியது அந்தப் புள்ளிக்கு முன்னால். அதோடு கண்ணும் ஏமாற்றும். மேல்நோக்கிச் சரிந்த ஓடுதளத்தைப் பார்க்கும் விமானிக்குத் தான் உயரமாக வருவது போல் தோன்றும். குறுகலான ஓடுதளமும் அதே மாயையைத் தரும். ‘உயரமாக இருக்கிறேன்’ என்று இன்னும் இறக்கினால், ஓடுதளத்துக்கு முன்னாலேயே மலைச்சரிவில் இடிக்கலாம். 2017 மே மாதம் லுக்லாவில் ஒரு சரக்கு விமானம் ஓடுதளத்துக்குக் கீழே சரிவில் மோதிக் கேப்டனும் துணை விமானியும் இறந்தார்கள். 2008 அக்டோபரில் ஒரு டுவின் ஓட்டர் இறங்கும் கடைசி நேரத்தில் மூடுபனி மூடிக்கொள்ள, ஓடுதளத்துக்குச் சற்று முன் மோதியது. 18 பேர் இறந்தார்கள், பிழைத்தது கேப்டன் ஒருவர்தான். பாரியோ லுக்லா அல்ல, அந்தச் சரிவும் சுவரும் அங்கே இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் காலைப் பனியும் மதியத்துக்குமேல் திரளும் மேகமும் அங்கேயும் உண்டு.

மலை இல்லாத இடத்திலும் நடக்கும் என்பதற்குச் சபாவின் கூடாட். 2013 அக்டோபர் 10-இல் கோத்தா கினபாலுவிலிருந்து போன மாஸ்விங்ஸ் நிறுவனத்தின் டுவின் ஓட்டர், கடலோரத்தில் இருக்கும் அந்த ஓடுதளத்தில் இறங்க வந்து பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. 16 பேரில் துணை விமானியும் ஒரு பயணியும் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது இதைத் தேடிப் பிடித்து அனுப்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்போது ‘விமானியின் தவறா’ என்ற கேள்விக்கு வருகிறேன். அறிக்கைகளைப் புரட்டினால் இறங்கும் விபத்துகளில் கடைசிக் கையசைவு பெரும்பாலும் விமானியுடையதாகத்தான் இருக்கும். ஓட்டுகிறவர் அவர்தானே. என் அனுபவத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் இருக்கிறது. வேகம், உயரம், திசை எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டதா என்று 500 அடியிலேயே பார்க்க வேண்டும், அமையவில்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு மேலேற வேண்டும் என்பது உலகம் முழுக்க விமானிகளுக்குச் சொல்லித் தருவது. மலை ஓடுதளங்களில் அந்தப் புள்ளி இன்னும் முன்னால். பிறகு ஏன் விடாமல் இறங்குகிறார்கள்? கீழே ஆள் காத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு நாள் விமானம் போகவில்லை. திரும்பிப் போனால் எண்ணெய்ச் செலவு, ஆபீஸில் கேள்வி, பயணிகளின் முணுமுணுப்பு. மீரி கவுண்டரில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாரியோவில் மேகம் இறங்கிவிட்டது என்று விமானம் பாதியில் திரும்பி வந்தால், இறங்கிய பயணிகள் கேப்டனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் ஏதோ கஞ்சத்தனம் பண்ணியதைப் போல. அந்தப் பார்வையும் அடுத்த நாள் அதே கேப்டனோடு சேர்ந்து பறக்கிறது. நல்ல நிறுவனம் என்று நான் சொல்வது, திரும்பி வந்த கேப்டனிடம் விளக்கம் கேட்காத நிறுவனத்தைத்தான்.

‘விமானம் பழசா’ என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பயப்பட அதிகமில்லை. டுவின் ஓட்டர் முதலில் பறந்தது 1965-இல். 1988-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், பிறகு இப்படிப்பட்ட ஓடுதளங்களுக்கு அதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை என்பதால் 400 என்ற வரிசையாக மறுபடி தயாரிக்கத் தொடங்கி, 2010-லிருந்து புது விமானங்கள் வருகின்றன. பார்க்கப் பழைய மாதிரி இருப்பதால் பழையது என்று நினைத்துவிட வேண்டாம். பழையதாகவே இருந்தாலும் வயதைவிடக் கவனிப்புதான் பேசும். சரளைக்கல் ஓடுதளத்துக்குப் போய் வந்த விமானம் என்றால், நாங்கள் முதலில் செய்வது புரொப்பெல்லர் அலகின் முன்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பது. கல் பட்ட சின்னச் சொட்டை நகத்தில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும் விடக் கூடாது, அரத்தால் வழித்துச் சமப்படுத்த வேண்டும். அந்தச் சொட்டையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். அப்புறம் டயரின் ஓரம், பிரேக் தகட்டின் தடிமன், முன்சக்கரக் காலில் எண்ணெய்க் கசிவு. வேலை சலிப்பானது, விளக்கடியில் கொசுக்கடியோடு செய்வது. ஆனால் வீடியோவில் வருகிற மாதிரியான இறங்கும் விபத்துகளில் இயந்திரக் கோளாறு முதல் காரணமாக இருப்பது குறைவு.

பெரிய ஜெட் விமானங்களின் கணக்கில், இறங்கும் கட்டம் பயண நேரத்தில் 4 விழுக்காடு அளவுதான், ஆனால் உயிர்ச்சேதமான விபத்துகளில் ஏறக்குறைய பாதி அதில்தான் நடக்கிறது. இதைக் கேட்டு அம்மாவுக்கு இன்னும் பயம் வரலாம், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய ஜெட் 140 நாட் வேகத்தில் இறங்குகிறது, டுவின் ஓட்டர் அதில் பாதி வேகத்தில். வேகம் பாதியானால் ஒவ்வொரு கிலோவுக்கும் உள்ள மோதல் சக்தி கால்வாசியாகிவிடும். அதனால்தான் நீங்கள் பார்த்த வீடியோவில் மூக்கு ஒடிந்து கிடந்த விமானத்திலிருந்து ஆட்கள் நடந்து இறங்குகிறார்கள். ஓடுதளத்தில் இறங்கிய பிறகு ஓரத்துக்கோ முனையைத் தாண்டியோ ஓடும் விபத்துக்கும், இறங்குவதற்கு முன்னால் மலையிலோ மரத்திலோ மோதும் விபத்துக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். முதல் வகையில் பெரும்பாலும் பிழைப்பார்கள். இரண்டாம் வகைதான் உயிரை எடுப்பது. செய்தியில் இரண்டுக்கும் ஒரே தலைப்புதான் போடுவார்கள்.

ஆக, அனுப்பலாமா? என் பிள்ளையாக இருந்தால் அனுப்புவேன். மீரியிலிருந்து அந்த உட்பகுதிகளுக்குப் பறப்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்குகளையும் மேகத்தையும் தினமும் பார்ப்பவர்கள். காலை நேரத்து விமானம், இரண்டு விமானிகள், இரண்டு இன்ஜின், எடை பார்த்து ஏற்றும் பழக்கம், சந்தேகம் வந்தால் ரத்து. ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கூடாட்டை மேலே எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விமானம் வேண்டாம் என்றால் இருக்கும் வழி, மீரியிலிருந்து வெட்டுமரப் பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஒரு நாள் முழுக்க, சேறு, பள்ளம், எதிரே மரம் ஏற்றிய லோரி. அதை நான் பாதுகாப்பான மாற்று என்று சொல்ல மாட்டேன்.

மகளுக்குச் சொல்ல வேண்டியவை சில. காலை மூடும் காலணி போட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம். ஏதாவது நடந்தால் உடைந்த தகட்டின்மேலும் முள்ளிலும் நடக்க வேண்டியிருக்கும். பெல்ட் இடுப்பு எலும்பின்மேல் இறுக்கமாக, வயிற்றின்மேல் அல்ல. உட்கார்ந்ததும் பின்கதவு எங்கே, பக்கத்துக் கதவு எங்கே என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்து, நடுவில் எத்தனை இருக்கை என்று எண்ணி வைத்துக்கொள்ளட்டும். மடியில் பையை வைத்துக்கொள்ளக் கூடாது. எந்த இருக்கை பத்திரம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த அளவு விமானத்தில் அதற்கு நம்பகமான விடை கிடையாது, எடைச் சமநிலைக்காக அவர்கள் சொல்லும் இடத்தில் உட்காருவதே சரி. கைத்தொலைபேசியும் முக்கியத் தாள்களும் உடம்போடு இருக்கட்டும், வெளியேறும்போது பெட்டியைத் தேடக் கூடாது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வரும்போது, பாரியோவிலிருந்து மீரிக்கு வரும் அதே நாள் மாலைக்குக் கோலாலம்பூர் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். காலை விமானம் மேகத்தால் தாமதமானால், டிக்கெட் போய்விடுமே என்ற பதற்றத்தில் கவுண்டரில் நின்று ‘எப்படியாவது போங்கள்’ என்று கேட்பவர்களில் உங்கள் மகளும் ஒருத்தியாகிவிடுவாள். தீபாவளிக்கு வருவதாக இருந்தால் குறைந்தது இரண்டு நாள் முன்பே கிளம்பட்டும். மீரியில் ஒரு இரவு தங்க விடுதிச் செலவு ஆகும், அதை மாற்றல் செலவில் இப்போதே சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள்.